டோபி மேல் விழுந்த பழி... சிவப்புப் பூஞ்சையைப் பிடித்த டாக்டர் காஸ்டெல்லானியின் கதை!

தொடை இடுக்கில், அக்குளில், இடுப்பு மடிப்பில், கால்விரல் சந்தில்... வெளியே சொல்லவும் கூச்சம், சொறியாமல் இருக்கவும் முடியாது. படர்தாமரை வந்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். வெயில் காலம் வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் அதிகம் கேட்கப்படுகிற பொருள்களில் ஒன்று, அரிப்புக்கான கிரீம். குழாயைப் பிதுக்கித் தடவுகிறோம், ரெண்டு நாளில் அரிப்பு நின்றதும் மறந்துவிடுகிறோம். அடுத்த மாதம் அதே இடத்தில் அது மறுபடி வந்து நிற்கிறது.

இந்தப் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைகளில் உலகம் முழுக்கப் பரவியிருக்கிற ஒன்றை முதன்முதலில் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் ஒரு இத்தாலிய டாக்டர். அவர் அதைக் கண்டது ரோமிலோ லண்டனிலோ இல்லை. நம்ம பக்கத்தில் இருக்கிற கொழும்பில்! அவர் பெயர் ஆல்டோ காஸ்டெல்லானி. ஏழைக் கிராமத்தினரின் புண்ணையும் பார்த்தவர், முசோலினிக்கும் வைத்தியம் பார்த்தவர். ஒரு நாட்டின் பட்டம் வாங்கி, பிறகு அதே நாட்டுக்கு எதிரான படையில் பொறுப்பு வகித்தவர். 97 வயது வரை வாழ்ந்தவர். அவருடைய கதையைப் படித்தால், வீட்டில் இருக்கிற அந்தக் கிரீம் குழாயைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

ஃப்ளாரன்ஸிலிருந்து உகாண்டாவுக்கு

1874 செப்டம்பர் 8-ம் தேதி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார் காஸ்டெல்லானி. அதே ஊரில் மருத்துவம் படித்து, 1899-ல் டாக்டரானார். நுண்ணுயிரியல் என்ற துறை சூடு பிடித்திருந்த நேரம் அது. எந்த நோய்க்கு எந்தக் கிருமி என்று ஐரோப்பா முழுக்க ஆய்வாளர்கள் போட்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். இளம் டாக்டர் காஸ்டெல்லானி ஜெர்மனியின் பான் நகருக்குப் போய் வால்தர் க்ரூஸே என்ற பேராசிரியரிடம் வேலை கற்றார். குருவை அவர் மறக்கவில்லை. பிற்பாடு தான் கண்டுபிடித்த ஓர் ஈஸ்டுக்கு அவர் பெயரையே வைத்தார். ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்டுகளில் வெகுகாலம் 'கேண்டிடா க்ரூஸேய்' என்று வந்துகொண்டிருந்ததே, அதுதான் இது.

அங்கிருந்து லண்டனின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. 1902-ல் ராயல் சொசைட்டி ஒரு குழுவை உகாண்டாவுக்கு அனுப்பியபோது, அதில் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ, கத்பர்ட் கிறிஸ்டி ஆகியோரோடு காஸ்டெல்லானியும் போனார். விக்டோரியா ஏரிக்கரையில் தூக்க வியாதி மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. முதலில் இது ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை என்றுதான் அவர் நம்பினார். அப்புறம் நோயாளிகளின் தண்டுவட நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நெளிந்து நீந்துகிற ட்ரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி கண்ணில் பட்டது.

1903-ல் அங்கு வந்து சேர்ந்த டேவிட் புரூஸ் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக முன்னேறினார். அதுதான் நோய்க்குக் காரணம், அதைப் பரப்புவது ட்ஸெட்ஸி ஈ என்று புரூஸின் குழு நிறுவியது. 'யார் கண்டுபிடித்தது?' என்ற சண்டை பல வருடம் ஓடியது. முதலில் கண்ணால் பார்த்தவர் காஸ்டெல்லானி, பார்த்ததன் அர்த்தத்தை முழுசாக நிலைநாட்டியவர் புரூஸ் என்று பங்கு பிரிப்பதுதான் நியாயமாக இருக்கும். ஆனால், அந்தக் கசப்பு அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை.

கொழும்பில் 12 வருடங்கள்

1903-ல் சிலோன் அரசாங்கத்தின் நுண்ணுயிரியலாளராகக் கொழும்பு வந்து இறங்கினார் காஸ்டெல்லானி. வெப்பமண்டல நோய்களுக்கான கிளினிக், ஆய்வகம், சிலோன் மருத்துவக் கல்லூரியில் வகுப்பு என்று 1915 வரை அங்கேயே இருந்தார். அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான வேலைகள் பல இந்த 12 வருடங்களில் நடந்தவை.

அந்தக் காலத்து இலங்கைக் கிராமங்களில் 'பறங்கி' என்று ஒரு நோய் இருந்தது. குழந்தைகளின் உடம்பில் ராஸ்பெர்ரிப் பழம் மாதிரி சிவந்த கட்டிகள் எழும்பி, புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் எலும்பையே தின்றுவிடும். உலகம் இதை யாஸ் என்கிறது. 1905-ல் அந்தப் புண்களிலிருந்து எடுத்த நீரில் திருகாணி போலச் சுருண்ட ஒரு கிருமியைக் கண்டார் காஸ்டெல்லானி. அதே ஆண்டில், சில மாதங்களுக்கு முன்புதான் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் இருவரும் சிபிலிஸ் நோயின் கிருமியைப் பிடித்திருந்தார்கள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரியான கிருமிகள். ஆனால், இது பாலுறவால் வருகிற நோயில்லை. நெருக்கமான வீடுகளில், குழந்தைக்குக் குழந்தை தோல் பட்டுத் தொற்றுவது. அந்த வித்தியாசம் புரிந்தது, அந்தக் குடும்பங்களின் மானத்துக்கும் முக்கியமான விஷயம் இல்லையா?

டைஃபாய்டுக்கும், அதன் உறவுக்கார பாராடைஃபாய்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடலாம் என்று கலவைத் தடுப்பூசியை முயன்று பார்த்தவர்களில் முன்னோடியும் இவர்தான். இவ்வளவையும் செய்துகொண்டே, மற்ற டாக்டர்கள் பெரிதாக மதிக்காத ஒரு விஷயத்தின் மீதும் கண் வைத்திருந்தார். அதுதான் தோலில் வருகிற பூஞ்சை.

'டோபி இட்ச்' என்ற பெயர்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த வெள்ளைக்கார சிப்பாய்கள், அதிகாரிகள் எல்லோரையும் பாடாய்ப்படுத்தியது தொடை இடுக்கு அரிப்பு. கனமான உடுப்பு, தோல் பெல்ட், வியர்வை, ஈரக்காற்று. அரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால், அவர்கள் காரணம் சொன்னது வேறு. துணி வெளுத்துத் தருகிற சலவைத் தொழிலாளியிடமிருந்துதான் இது வருகிறது என்று முடிவு கட்டி, 'டோபி இட்ச்' என்றே பெயரும் வைத்துவிட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று, வெயிலில் துணி உலர்த்திக் கொடுத்தவரின் பெயர் ஒரு தோல் நோயின் பெயராக மருத்துவப் பாடநூல்களிலும் ஏறிவிட்டது.

காஸ்டெல்லானி அந்தத் தோலைச் சுரண்டி எடுத்து, செதில்களை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு வைத்தார். மற்ற கிருமிகள் மாதிரி ஒரே ராத்திரியில் இது வளராது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளர்ந்து வந்தவை எல்லாம் ஒன்றுபோல இல்லை. அவற்றில் ஒன்று மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரியும், அடியில் ஒயின் நிறச் சிவப்பாகவும் இருந்தது. 1910-ல் அதை ஒரு புது இனம் என்று அறிவித்து, சிவப்பு என்ற பொருள் வரும் 'ரூப்ரம்' என்ற லத்தீன் பெயரைச் சூட்டினார். அடுத்த வருடமே பாரிஸின் தோல் மருத்துவ மேதை ரேமோன் சாபுரோ அதை 'ட்ரைகோஃபைட்டான்' குடும்பத்தில் சேர்த்தார். இன்றைக்கும் 'ட்ரைகோஃபைட்டான் ரூப்ரம்' என்றுதான் அதற்குப் பெயர்.

இந்தச் சிவப்புப் பூஞ்சைக்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வெறும் காலோடு நடந்த ஊர்களில் அது இடுப்பிலும் தொடையிலும் வட்டமாகப் படர்ந்தது. கப்பலேறிப் போன சிப்பாய்களோடும் பயணிகளோடும் அதுவும் ஐரோப்பா, அமெரிக்கா போனது. அங்கே ஷூவும் சாக்ஸும் போட்ட கால்கள் காத்திருந்தன. விரல் சந்தில் குடியேறி, 'அத்லெட்ஸ் ஃபுட்' என்று புதுப் பெயர் வாங்கிக்கொண்டது. 20-ம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகில் மிக அதிகமாகப் பரவிய தோல் பூஞ்சையாகவே ஆகிவிட்டது.

நம் தேமலையும் அவர் விடவில்லை. முகத்திலும் கழுத்திலும் வெளிறித் தெரிகிற வெப்பமண்டலத் தேமலைப் பற்றியும், உள்ளங்கையில் மை தெறித்தது மாதிரி வருகிற கறுப்புத் திட்டைப் பற்றியும் விரிவாக எழுதினார். சிலோன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஆல்பர்ட் சால்மர்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கையேடு 1910-ல் வெளியானது. பல ஆண்டுகளுக்கு டாக்டர்களின் மேஜையில் இருந்த புத்தகம் அது.

தடவ என்ன இருந்தது அன்று?

காரணம் தெரிந்தது சரி, மருந்து? அன்றைக்குக் கையில் இருந்தவை கொஞ்சம்தான். நம் ஊர்ப் பக்கம் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினார்கள். போர்த்துகீசியர் வழியாக பிரேசிலிலிருந்து கோவா வந்து, 'கோவா பவுடர்' என்றே பெயர் பெற்ற ஒரு மரத்தூள் இருந்தது. வேலை செய்யும், ஆனால் தோலை எரிக்கும், துணியைக் கறையாக்கும். லண்டனில் ஆர்தர் விட்ஃபீல்ட், பென்சாயிக் அமிலத்தையும் சாலிசிலிக் அமிலத்தையும் கலந்து 1907 வாக்கில் ஒரு களிம்பு தந்தார். சாலிசிலிக் அமிலம் இறந்த தோலை உரிக்கும், பென்சாயிக் அமிலம் பூஞ்சையை அடக்கும். எளிய கணக்கு. இன்றுவரை மலிவான மருந்தாக அது தாக்குப்பிடித்து நிற்கிறது.

காஸ்டெல்லானியின் பங்கு, ஒரு கலர் மருந்து. காசநோய்க் கிருமிக்குச் சாயம் ஏற்ற லேப் மேஜையில் எப்போதும் இருக்குமே 'கார்பால் ஃபுக்சின்', அதே ஜாதிக் கலவைதான். ஃபுக்சின் சாயம், ஃபீனால், போரிக் அமிலம், ரிசார்சினால், அசிட்டோன், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து, பஞ்சில் தொட்டுப் பூசுகிற 'காஸ்டெல்லானி பெயின்ட்' 1920-களில் புழக்கத்துக்கு வந்தது. பூசினால் தோல் பளீரென்று மெஜந்தா நிறத்துக்கு மாறிவிடும். உள்ளாடை போச்சு, படுக்கை விரிப்பும் போச்சு!

ஆனால், அதில் ஒரு யோசனை ஒளிந்திருந்தது. பூஞ்சைக்குப் பிடித்தது ஈரமான மடிப்பு. களிம்பு தடவினால் அந்த மடிப்பு இன்னும் பிசுபிசுக்கும். இந்த மருந்தோ ஆல்கஹாலும் அசிட்டோனும் ஆவியாகிப்போக, இடத்தையே காயவைத்துவிடும். ரிசார்சினால் மேல்தோலை மெல்ல உரிக்கும். ஃபீனால் கிருமியையும் மட்டுப்படுத்தும், அரிப்பையும் மரக்கச் செய்யும். சேற்றுப்புண், அக்குள் மடிப்பு, காதுக்குள் வளரும் பூஞ்சை என்று நிறைய இடங்களில் கைகொடுத்தது. பிற்காலத்தில் சாயத்தை நீக்கி, நிறமில்லாத காஸ்டெல்லானி பெயின்ட்டும் வந்தது. ஃபீனால் இருப்பதால் கைக்குழந்தைகளுக்கும், பெரிய பரப்பிலும், வெட்டுக்காயத்திலும் பூசக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தே வந்தது.

அரசர்கள், போர், முசோலினி

1915-ல் இலங்கையை விட்டுக் கிளம்பினார். நேப்பிள்ஸில் பேராசிரியர் பதவி, முதல் உலகப் போரில் செர்பியாவிலும் மாசிடோனியாவிலும் மருத்துவப் பணி, 1919-ல் மறுபடி லண்டன். ஹார்லி தெருவில் பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று பார்த்த டாக்டரானார். 1928-ல் பிரிட்டன் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. லண்டன், ரோம், அமெரிக்காவின் லூசியானா என்று மூன்று இடங்களிலும் வகுப்பு எடுத்தார்.

1930-ல் அவருடைய ஈஸ்ட் வளர்ப்புத் தட்டில் ஓர் அமீபா தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குப்பையில் போடாமல் அதைக் கவனித்தார். 'அகாந்தமீபா காஸ்டெல்லானி' என்று அவர் பெயராலேயே அது இன்று அழைக்கப்படுகிறது. கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது என்று கண் டாக்டர்கள் எச்சரிப்பது இந்த அமீபாக் குடும்பத்தை மனதில் வைத்துத்தான்.

இதே மனிதரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முசோலினிக்கு வைத்தியம் பார்த்தார், அவருடைய ஆட்சியோடு நெருக்கமானார். 1935-ல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது, அந்தப் படையின் மருத்துவச் சேவைக்குத் தலைமை தாங்கினார். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் இத்தாலியச் சிப்பாய்களை அதிகம் சாய்க்கவில்லை என்பது அவருடைய பெருமையாகப் பேசப்பட்டது. அதே போரில் இத்தாலிய விமானங்கள் எத்தியோப்பியர்கள் மீது கடுகு வாயுவைக் கொட்டின. தோலை வெந்துபோகச் செய்கிற விஷம் அது. வாழ்நாள் முழுக்கத் தோலைப் படித்த ஒருவர், அந்த விஷத்தைக் கொட்டிய படையோடு நின்றார். அவருக்கு இத்தாலி கொடுத்தது, சோமாலியாவின் கிஸ்மாயோ நகரத்தின் பெயரில் 'கவுன்ட்' பட்டம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனோடு மோதிய இத்தாலியப் படைகளின் மருத்துவப் பொறுப்பு காஸ்டெல்லானியிடம். எதிர்ப்பக்கம் கெய்ரோவில் பிரிட்டனின் தூதராக இருந்தவர் சர் மைல்ஸ் லாம்ப்சன். அவர் யார் தெரியுமா? காஸ்டெல்லானியின் சொந்த மாப்பிள்ளை! 1934-ல் அவருடைய மகள் ஜாக்குலினை மணந்தவர். அப்பா ஒரு படையில், மகள் எதிர்ப்படையின் வீட்டில். அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1946-ல் இத்தாலி மக்கள் முடியாட்சி வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அரச குடும்பம் போர்ச்சுகலுக்கு நாடுகடந்து போனது. காஸ்டெல்லானியும் அவர்களோடு போனார். லிஸ்பனில் இருந்த வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தில் பாடம் நடத்தினார், பூஞ்சைகளை வளர்த்தார், 1960-ல் சுயசரிதையும் வெளியிட்டார். 1971 அக்டோபர் 3-ம் தேதி அங்கேயே இறந்தார்.

தண்ணீரில் தூங்கும் பூஞ்சை

1939-ல் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை இன்றைக்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. பூஞ்சைகளை எப்படிப் பாதுகாத்து வைப்பது என்பது அதன் விஷயம். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு மூடி வைத்தாலே போதும், சாப்பாடு எதுவும் இல்லாமலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன என்று காட்டினார். பின்னால் வந்தவர்கள் அதே முறையில் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் பல பூஞ்சைகள் சாகவில்லை.

படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் இருக்கிறதா? அதற்கு அவசரமே கிடையாது. அரிப்பு நின்றதும் நாம் மருந்தை நிறுத்திவிடுகிறோம். அது தோலின் கெரட்டினில், நகத்தில், துவைக்காத சாக்ஸில் பொறுமையாகக் காத்திருக்கிறது.

காஸ்டெல்லானியின் கடைசிக் காலத்திலேயே மருந்துகள் மாறிவிட்டன. 1960-களின் முடிவில் மைக்கோனசோல், க்ளோட்ரிமசோல் என்று 'அசோல்' குடும்ப மருந்துகள் உருவாயின. பூஞ்சையின் செல் சுவருக்கு உள்ளே இருக்கிற சவ்வைக் கட்ட எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். நம் செல்களில் இருப்பது கொலஸ்ட்ரால். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, எர்கோஸ்டெரால் தயாரிப்பை மட்டும் இந்த மருந்துகள் கெடுக்கின்றன. 1990-களில் வந்த டெர்பினாஃபின் அதே பாதையில் இன்னும் முன்னாடியே குறுக்கே நிற்கிறது. எரிச்சலும் கறையும் இல்லாத வைத்தியம் ஒருவழியாகக் கிடைத்தது.

அதைத்தான் நாம் இப்போது கெடுத்துக்கொண்டிருக்கிறோம். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டையும் கலந்த கிரீம்கள் நம் நாட்டில் சகஜமாகப் புழங்கின. ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அமுக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அமுக்கும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பல ஸ்டீராய்டு கிரீம்களை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத ஒரு பூஞ்சையைத் தனி இனமாக அறிவித்தார்கள். அதன் பெயர் 'ட்ரைகோஃபைட்டான் இன்டோடினியே'. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது! அன்றைக்கு டோபி, இன்றைக்கு இந்தியா.

பழியை ஒரு தொழிலாளி மேலோ ஒரு நாட்டின் மேலோ போடுவது சுலபம். செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலைதான். வட்டத்துக்கு மேல் மட்டும் தடவாமல், விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை மருந்து பூசுங்கள். தழும்பு மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தாதீர்கள். குளித்ததும் மடிப்புகளை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். துண்டு, உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் ஆளுக்குத் தனி. துவைத்ததை வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் ரெண்டு பேருக்கு அரிப்பு என்றால் ரெண்டு பேரும் சேர்ந்தே சிகிச்சை எடுங்கள். கிரீம் குழாயில் எழுதியிருப்பதில் க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரி பெயர் இருந்தால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அர்த்தம். நீங்களாக அதைத் தொடாதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் தோல் டாக்டரிடம் போங்கள். தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நூல் நூலாகப் பூஞ்சை இருந்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 100 வருடங்களுக்கு முன்னால், கொழும்பின் புழுக்கத்தில் காஸ்டெல்லானியும் தோலைச் சுரண்டிப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.